பாஸ்டன் நகரத்துப் பள்ளி எல்லைப் பூசல்

சென்ற திங்கள் நம் சங்கக் கூட்டம் முடிந்து அன்பர்கள் திண்ணையில் அமர்ந்து அளவளாவியிருந்தபொழுது, மூத்த உறுப்பினர் ஒருவர் எம்மை நோக்கி ஒரு வினா விடுத்தார். அவர்தம் மகளார் கணவருடன் அமெரிக்க நாட்டில் வாழ்கின்றார். பேரன் உயர்தரப் பாடசாலையிற் புகும் பருவத்தினன். இந்நிலையில் அவ்வூர்ப் பள்ளி அதிகாரிகள் பாடசாலை எல்லையை மாற்றி வரைய முற்பட்டனராம். இதுகாறும் ஒரு பள்ளிக்கு உரியதாயிருந்த அவர்கள் தெரு இனி வேறொரு பள்ளிக்கு உரியதாகுமாம். தெருவார் அனைவரும் கூட்டங் கூடியும் விண்ணப்பம் எழுதியும் எதிர்த்து நிற்கின்றனராம். “வாத்தியாரையா, இந்தப் பள்ளி இல்லையென்றால் அந்தப் பள்ளி. இதற்காக ஊரே திரண்டு நிற்பானேன்?” என்று பெரியவர் கேட்டார். யாம் அன்று சுருங்கக் கூறிய விடை எமக்கே நிறைவு தரவில்லை. ஆதலின் அதனை விரித்து ஈண்டு எழுதத் துணிந்தோம்.

நம் நாட்டில் ஒரு தந்தை தன் மகனை எந்தப் பள்ளியிற் சேர்ப்பது என்பதைத் தன் கையிருப்பையும் மகனது மதிப்பெண்ணையும் நோக்கித் துணிகின்றான். அமெரிக்காவில் பொதுப் பணத்தால் நடைபெறும் பள்ளிகளிற் பெரும்பாலானவற்றிற்கு அம்முறை இல்லை. இன்ன தெருவிலிருந்து இன்ன தெருவரை உள்ள பிள்ளைகள் இன்ன பள்ளிக்கு என்று படத்திற் கோடு வரைந்து வைத்துள்ளனர். வீடு எங்கே, பள்ளி அங்கே. நல்ல பள்ளியின் கோட்டிற்குள் அமைந்த வீட்டிற்கு விலையும் வாடகையும் மிகுதி என்பது சொல்லாமலே விளங்கும். ஆகவே அக்கோட்டை ஒரு விரற்கிடை நகர்த்தினும், ஆயுட்காலச் சேமிப்பை வீட்டில் இட்டவனுக்கு நெஞ்சு துணுக்குறுகின்றது. இதனோடு நிறவேற்றுமையும் கலந்தவழி என்னாகும் என்பதற்கு மசாசூசெட்ஸ் மாகாணத்துப் பாஸ்டன் நகரினும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது.

பாஸ்டன் கல்வியிற் பெயர் பெற்ற ஊர். 1635-ல் இலத்தீன் பள்ளியையும் 1821-ல் அந்நாட்டின் முதற் பொது உயர்தரப் பாடசாலையையும் நிறுவியது அந்நகரமே. எனினும் நாம் முதலிற் காணவேண்டுவது அப்பெரும் பள்ளிகளை அன்று, ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி நடந்த வழியையே.

அவள் பெயர் சாரா ராபர்ட்ஸ். தந்தை பெஞ்சமின் ராபர்ட்ஸ் என்னும் கருநிறத்தார். அச்சுத்தொழில் செய்து வாழ்ந்தவர். அவர் வீட்டிற்கு மிக அணித்தான பள்ளி 900 அடித் தொலைவில் இருந்தது. கருநிறப் பிள்ளைகட்கென ஒதுக்கப்பட்ட ஸ்மித் பள்ளியோ 2,100 அடித் தொலைவு. வெள்ளையர் பள்ளிகள் ஐந்தைக் கடந்தே அச்சிறுமி அங்குச் செல்லவேண்டும். அணித்தான பள்ளியிற் சேர்க்குமாறு தந்தை வேண்டினார். கமிட்டியார் மறுத்தனர். வழக்கு மாகாணத் தலைமை நீதிமன்றத்தை எட்டியது. சிறுமிக்காக வாதாடியவர் இருவர்: பிற்காலத்தில் செனட் சபையிற் புகழ் பெற்ற சார்லஸ் சம்னர் ஒருவர். கருநிற வழக்கறிஞருள் முன்னோடியாகிய ராபர்ட் மாரிஸ் மற்றொருவர். 1850-ல் தலைமை நீதிபதி லெமுவேல் ஷா தீர்ப்பளித்தார். பிள்ளைகளைப் பள்ளிகளுக்குப் பகுத்தனுப்பும் அதிகாரம் கமிட்டிக்கு உண்டு என்பதும், கூடுதலாக நடக்கவேண்டிய மைலில் ஐந்திலொரு பங்கு பெரிய தொலைவன்று என்பதும் அவர் கருத்து. வழக்குத் தோற்றது. ஆயினும் வில்லியம் கூப்பர் நெல் என்பார் தலைமையில் கருநிறப் பெற்றோர் ஸ்மித் பள்ளியைப் புறக்கணித்து நின்றதன் பயனாக, 1855-ல் நிறம் நோக்கிப் பிள்ளைகளை விலக்கலாகாது என்று மாகாணச் சட்டசபை விதித்தது. ஸ்மித் பள்ளியும் அவ்வாண்டே மூடப்பட்டது.

பக்கத்துப் பள்ளி வேண்டும் என்று அன்று கேட்டவர் கருநிறத்தார். தொலைவு ஒரு பொருட்டன்று என்று கூறியவர் வெள்ளையர் நீதிபதி. நூற்றிருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து அதே நகரில் அவ்விரு வாதங்களும் இடம் மாறி நின்றன.

இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் தென் மாகாணங்களிலிருந்து வேலை நாடி வந்த கருநிறக் குடும்பங்கள் ராக்ஸ்பரி என்னும் பகுதியில் நெருங்கி வாழ்ந்தன. அதற்கு வடகிழக்கே கடலை ஒட்டிய சவுத் பாஸ்டன் பகுதியில் ஐரிஷ் மரபினராகிய ஏழை வெள்ளையர் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தனர். ஐந்து உறுப்பினரைக் கொண்ட பள்ளிக் கமிட்டியை நகரத்தார் வாக்களித்துத் தேர்ந்தனர். ஐவரும் வெள்ளையரே.

1963 சூன் திங்களில் ரூத் பேட்சன் என்னும் அம்மையார் கருநிறப் பெற்றோர் சார்பிற் கமிட்டி முன் தோன்றி, தம் பிள்ளைகளின் பள்ளிகளிற் கட்டடம் பழுது, புத்தகம் பழையது, இடம் நெருக்கடி என்று முறையிட்டார். தம் பிள்ளை வெள்ளைப் பிள்ளையின் அருகே அமரவேண்டும் என்பது அவர் வேட்கையன்று. வெள்ளைப் பிள்ளைகள் இருக்குமிடத்திற்கே பணம் போகின்றது என்பதுதான் அவர் கண்டறிந்தது. அப்போது கமிட்டித் தலைமையில் இருந்தவர் லூயிஸ் டே ஹிக்ஸ் என்னும் அம்மையார். நீதிபதி ஒருவரின் மகளாகிய அவர் சவுத் பாஸ்டனிற் பிறந்தவர். பள்ளிகளில் நிறப்பிரிவினை உண்டு என்னும் சொல்லை ஒப்பவே கமிட்டி மறுத்துவிட்டது.

ஆசிரியத் தொழிலினர் என்னும் முறையில் இங்கே ஒன்று குறித்துச் செல்ல விழைகின்றோம். ஜானதன் கோசால் என்னும் இளைஞர் ராக்ஸ்பரிப் பள்ளி ஒன்றில் நாலாம் வகுப்பு ஆசிரியராயிருந்தார். அவர் வகுப்பிற்குத் தனி அறையே இல்லை, மண்டபத்தின் ஒரு மூலைதான். கருநிறக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் இயற்றிய பாட்டொன்றைப் பிள்ளைகட்குப் படித்துக் காட்டினார் என்பதற்காக, அது பாடத்திட்டத்தில் இல்லை என்று கூறி 1965-ல் அவரை விலக்கினர். பின்னர் அவர் அப்பள்ளி வாழ்வை நூலாக எழுதி 1968-ல் தேசியப் பரிசு பெற்றார். பாடத்திற் புறம்பான செய்யுளைச் சொல்லியதற்கு வேலை போவதாயின் எம் போன்றோர் எத்துணை முறை வேலை இழந்திருப்போம்!

1965-ல் மாகாணச் சட்டசபை, வெள்ளையரல்லாத பிள்ளைகள் பாதிக்கு மேற்பட்ட பள்ளி சமநிலை இழந்தது என்றும், அதனைச் சீர்செய்யாத ஊருக்கு மாகாணப் பணம் நிறுத்தப்படும் என்றும் சட்டம் இயற்றியது. பாஸ்டன் கமிட்டியார் ஆண்டுக்கணக்கிற் காலங்கடத்தினர். எந்தப் பள்ளியிலேனும் இடம் வெறுமையாயிருப்பின் எந்தப் பிள்ளையும் சேரலாம் என்னும் விதி ஏட்டில் இருந்தது. ஆனால் போக்குவரத்திற்குக் காசு தரமாட்டோம் என்றனர். அவ்வாண்டே எல்லன் ஜாக்ஸன் முதலிய ராக்ஸ்பரித் தாய்மார் தாமே பணந் திரட்டி பஸ் அமர்த்தித் தம் பிள்ளைகளை வெறுமையான இடங்கட்கு அனுப்பினர். பாஸ்டனில் பஸ் ஏற்றிப் பிள்ளைகளை அனுப்பும் வழக்கத்தை நீதிபதி ஒருவர்தாம் புகுத்தினார் என்று எண்ணுவோர் இத்தாய்மாரை மறந்துவிடுகின்றனர்.

1971-ல் டார்செஸ்டர் பகுதியில் லீ பள்ளி என்னும் புதிய தொடக்கப்பள்ளி திறக்கப்பட்டது. இருநிறப் பிள்ளைகளும் கலந்து பயிலும் வண்ணம் அதற்கு எல்லை வகுத்திருந்தனர். கட்டடமோ புத்தம் புதியது. ஆயினும் எல்லைக்குட்பட்ட வெள்ளைப் பெற்றோர் பலர் தம் பிள்ளைகளை அனுப்ப மறுத்துப் பழைய பள்ளிகளிலேயே கொண்டுபோய் நிறுத்தினர். கமிட்டியும் அவர் கூச்சலுக்கு இணங்கி, தான் வகுத்த எல்லையைத் தானே மாற்றியது. மாகாணம் பணத்தை நிறுத்திற்று. கருநிறப் பெற்றோர் 1972-ல் மத்திய நீதிமன்றம் ஏறினர்.

வழக்கை விசாரித்தவர் ஆர்தர் காரிட்டி என்னும் நீதிபதி. 1974 சூன் 21-ல் அவர் அளித்த தீர்ப்பு எல்லை என்பது எவ்வாறு வரையப்படுகின்றது என்பதை உடலறுத்துக் காட்டும் வைத்தியன்போல் விளக்குகின்றது. 1971-72-ல் அந்நகரப் பள்ளிகளில் ஏறத்தாழ 96,000 பிள்ளைகள். வெள்ளையர் நூற்றுக்கு 61, கருநிறத்தார் 32. வெள்ளைப் பிள்ளைகளில் நூற்றுக்கு 84 பேர், நூற்றுக்கு 80-க்கு மேல் வெள்ளையரே நிறைந்த பள்ளிகளிற் பயின்றனர். இது தானே நேர்ந்ததன்று, கமிட்டி அறிந்தே செய்தது என்பது அவர் முடிவு.

உயர்தரப் பாடசாலைகளைப் பொறுத்த சூழ்ச்சி நுட்பமானது. ஆறு முதல் எட்டு வகுப்புவரை உடைய இடைப்பள்ளிகள் ஒருவகை. ஏழு முதல் ஒன்பதுவரை உடையவை மற்றொரு வகை. முன்னதை முடித்தவன் ஒன்பதாம் வகுப்பிலும் பின்னதை முடித்தவன் பத்தாம் வகுப்பிலும் உயர்தரப் பாடசாலை புகுவான். கருநிறத்தார் மிக்க பகுதிகளில் முதல் வகையையும், வெள்ளையர் மிக்க பகுதிகளில் இரண்டாம் வகையையும் வைத்துவிட்டால் போதும். இரு பிள்ளைகளும் ஒரே ஆண்டில் ஒரே வாயிலிற் புகமாட்டார். எந்த இடைப்பள்ளி எந்த உயர்தரப் பள்ளிக்கு ஊட்டும் என்பதையும் தம் விருப்பம்போல் மாற்றிக்கொண்டனர். தெருவிற் கோடு கிழிக்காமலே வகுப்பு எண்ணால் எல்லை வகுத்த இத்திறமையை நல்ல வழியிற் செலுத்தியிருப்பின் எத்துணைப் பயன் விளைந்திருக்கும்!

தீர்ப்பின்படி அவ்வாண்டு செப்டம்பரிலேயே மாற்றம் தொடங்கவேண்டும். மாகாணக் கல்விச் சபையார் முன்னரே வகுத்திருந்த திட்டம் ஒன்றையே நீதிபதி கைக்கொண்டார். அத்திட்டம் சவுத் பாஸ்டன் உயர்தரப் பள்ளியையும் ராக்ஸ்பரியையும் இணைத்தது. இங்குள்ளோரிற் பலர் அங்கும், அங்குள்ளோரிற் பலர் இங்கும் பஸ்ஸிற் செல்லவேண்டும். நகரிலேயே வறுமை மிக்க இரு பகுதிகளைத் தேடிப் பிடித்து ஒரு நுகத்திற் பூட்டியது போலாயிற்று.

இனி, எதிர்த்த குடும்பத்தாரின் நெஞ்சையும் நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். சவுத் பாஸ்டன் பள்ளி 1901-ல் டார்செஸ்டர் குன்றின்மேல் எழுப்பப்பட்டது. 1776 மார்ச்சில் வாஷிங்டன் பீரங்கிகளை ஏற்றி ஆங்கிலப் படையைப் பாஸ்டனை விட்டு அகற்றிய குன்று அதுவே. அப்பகுதி மக்கட்கு அப்பள்ளி, நம்மூர்த் தேர் போன்றது. தந்தை அங்கே பந்தாடினார், தாய் அங்கே தோழியரைப் பெற்றாள், அண்ணன் அங்கிருந்தே போருக்குச் சென்றான். பள்ளியின் கல்வித் தரம் உயர்ந்ததன்று. அங்குப் பயின்று கல்லூரி சென்றோர் மிகச் சிலரே. எனினும், மகன் கண்ணெட்டும் தொலைவில் இருக்கின்றான், நோயுற்றால் நடந்துசென்று அழைத்துவரலாம் என்பது ஏழைத் தாய்க்குப் பெரிய செல்வம். அவளைக் கேளாமலே அச்செல்வத்தைப் பிறர் எடுத்தால் அவள் சினவாதிருத்தல் யாங்ஙனம்? 1975-ல் எல்லை மாற்றம் சார்ல்ஸ்டவுன் பகுதிக்கும் பரவியபோது, அங்குள்ள தாய்மார் செபமாலை ஏந்தி வேண்டிக்கொண்டே தெருவில் நடந்தனர். அவர்களை நாம் இகழமாட்டோம்.

ஆனால் எல்லை என்னும் சொல்லைப்பற்றி எம் வகுப்பில் யாம் கூறுவது ஒன்றுண்டு. ஐந்தாம் வேற்றுமைக்கு எல்லைப்பொருள் உண்டென்று நன்னூல் பயின்றோர் அறிவர். ‘குளத்தின் கிழக்குக் கோயில்’ என்னும்போது குளத்தை நிலையாகக் கொண்டு கோயிலின் இடத்தைக் கூறுகின்றோம். கோயிலில் நிற்பவனுக்கோ குளம்தான் மேற்கு. எதனை நிலையாகக் கொள்வது என்பது சொல்பவன் நிற்குமிடத்தைப் பொறுத்தது. சவுத் பாஸ்டன் தாய்மார் தம் பழைய எல்லையை மலைபோல் இயற்கையானது என்று நம்பினர். குன்றின் மறுபக்கத்துத் தாய்மாரோ அவ்வெல்லை தம் கண்முன்னரே பன்முறை நகர்த்தப்பட்டதைக் கண்டவர். தாயின் அன்பு பொய்யன்று. அவ்வன்பை முன்னிறுத்தித் தம் செய்கையை மறைத்த கமிட்டியாரே பெரும்பிழை செய்தவர் என்பது எம் துணிபு.

பள்ளி திறப்பதற்கு மூன்று நாள் முன், செப்டம்பர் 9-ல், எதிர்ப்பாளர் நகர மண்டபத்தின் முன் திரண்டனர். பேச வந்த செனட்டர் எட்வர்ட் கென்னடி ஐரிஷ் மரபினரே. அவர்மீதும் தக்காளியும் முட்டையும் வீசித் துரத்தினர். 12-ஆம் நாள் பள்ளிகள் திறந்தன. பெரும்பாலான பள்ளிகளில் அமைதி நிலவிற்று என்பதையும் சொல்லியாகவேண்டும். சவுத் பாஸ்டன் குன்றிலோ கருநிறப் பிள்ளைகள் ஏறிய பஸ்கள்மீது கல்மாரி பொழிந்தது. கண்ணாடி உடைந்து பிள்ளைகள் காயமுற்றனர். வெள்ளைப் பிள்ளைகளிற் பெரும்பாலோர் வீட்டிலேயே நிறுத்தப்பட்டனர். டிசம்பர் 11-ல் பள்ளிக்குள் கருநிற மாணவன் ஒருவன் வெள்ளை மாணவன் ஒருவனைக் கத்தியாற் குத்தினான். குத்துண்டவன் பிழைத்தான். செய்தி பரவியதும் பெருங்கூட்டம் பள்ளியைச் சூழ்ந்தது. உள்ளே அகப்பட்ட கருநிறப் பிள்ளைகளை வெளியேற்ற, முன்வாயிலில் வெறும் பஸ்களை நிறுத்திக் கூட்டத்தை ஏமாற்றிப் பின்வாயில் வழியாகக் கொண்டுசென்றனர். அடுத்த சனவரியிற் பள்ளி மீண்டும் திறந்தபோது உலோகம் கண்டறியும் கருவியும் போலீஸ் காவலும் வாயிலில் நின்றன. 1976 ஏப்ரல் 5-ல் நகர மண்டபத்திற்குச் சென்றுகொண்டிருந்த டெட் லாண்ட்ஸ்மார்க் என்னும் கருநிற வழக்கறிஞரை இளைஞர் சிலர் தாக்க, ஒருவன் தேசியக் கொடிக்கம்பையே ஆயுதமாக ஓங்கினான். ஸ்டான்லி ஃபோர்மன் எடுத்த அப்படம் உலகெங்கும் பரவி மறுவாண்டு புலிட்சர் பரிசு பெற்றது. அந்நாடு விடுதலை பெற்ற இருநூறாம் ஆண்டு அது. குழந்தைகளின்மேற் கல் விழுந்த அன்றே பக்கத்துப் பள்ளி என்னும் நியாயமும் அவ்வெதிர்ப்பாளர் கையினின்று நழுவிற்று.

இப்பூசலில் எவரும் கல் எறியாத எல்லை ஒன்று இருந்தது. பாஸ்டன் தீர்ப்பு வந்து ஐந்து வாரத்திற்குள், 1974 சூலை 25-ல், டெட்ராய்ட் நகர வழக்கில் அமெரிக்கத் தலைமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டெட்ராய்ட்டையும் அதனைச் சூழ்ந்த 53 புறநகர்ப் பள்ளி மாவட்டங்களையும் ஒருசேர இணைத்துப் பிள்ளைகளைக் கலக்கலாம் என்று கீழ் நீதிமன்றம் கருதியிருந்தது. புறநகரங்கள் தாம் குற்றஞ் செய்தன என்று மெய்ப்பிக்காதவழி அவற்றின் எல்லையைக் கடக்கலாகாது என்று ஐவர் கூறினர். நால்வர் மறுத்தனர். 1954-ல் பள்ளி நிறப்பிரிவினையை வீழ்த்திய பெருவழக்கில் வழக்கறிஞராய் நின்ற தர்குட் மார்ஷல் அந்நால்வருள் ஒருவர்.

இதன் பொருள் யாது? நகரத்துக்குள் ஒரு தெருவை மற்றொரு தெருவோடு கலக்கலாம். நகர எல்லைக்கு அப்பால் தோட்டமும் மாளிகையுமாக வாழ்வாரைத் தொடல் ஆகாது. காரிட்டி நீதிபதியின் இல்லமும் வெல்ஸ்லி என்னும் புறநகரிலேயே இருந்தது. இதனைச் சவுத் பாஸ்டனார் ஓயாது சுட்டிக் கூறினர். நீதிபதியின் நேர்மையில் எமக்கு ஐயமில்லை. தம் அதிகாரத்திற்கு உட்பட்டதை அவர் செய்தார். ஆயினும் அம்மக்கள் கூற்றில் உண்மை இல்லை என்று எவர் சொல்ல வல்லார்? வசதியுடையோர் புறநகருக்கும் தனிப்பள்ளிக்கும் பெயர்ந்தனர். 96,000-ஆக இருந்த பிள்ளைகளின் தொகை 1980-களின் இறுதிக்குள் 60,000-க்குங் குறைந்தது. இது முழுவதும் பஸ்ஸால் விளைந்ததன்று. பிறப்புக் குறைவும் நகரத்தினின்று வெளியேறும் பழைய போக்கும் உடன் சேர்ந்தன.

1977-ல் ஹிக்ஸ் அம்மையார் நகர சபைத் தேர்தலில் தோற்றார். அவ்வாண்டே ஜான் ஓபிரையன்ட் என்னும் கருநிறத்தார் பள்ளிக் கமிட்டிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1985-ல் காரிட்டி பள்ளி ஆட்சியைக் கமிட்டியிடம் திருப்பியளித்தார். 1989-ல் நகரை மூன்று பெரும் பிரிவாக்கிப் பெற்றோர் தேர்ந்துகொள்ளும் முறை வந்தது. நிறம் நோக்கிப் பிள்ளைகளைப் பகுப்பதை 1999-ல் கமிட்டி கைவிட்டது. 2013-ல் அம்மூன்று பிரிவுகளையும் நீக்கி, வீட்டிற்கு அணித்தான பள்ளிகளுள் தரமானவை சிலவேனும் ஒவ்வொரு பிள்ளையின் பட்டியலிலும் அமையுமாறு புதுமுறை வகுத்தனர். சாராவின் தந்தை கேட்ட அணித்தான பள்ளி ஒருவாறு திரும்பி வந்தது. ஸ்மித் பள்ளிக் கட்டடம் இன்றும் பீக்கன் குன்றில் நிற்கின்றது. ஆப்பிரிக்க அமெரிக்கர் வரலாற்றுக் காட்சிசாலையின் ஒரு பகுதியாக அது விளங்குகின்றது.

பெரியவர் இவ்விதழைத் தம் மகளார்க்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கின்றார். அவ்வம்மை கூட்டத்திற்குச் செல்வதை யாம் தடுக்கோம். பிள்ளையின் பொருட்டுத் தாய் பேசுவது முறையே. ஒன்றுமட்டும் உசாவி எழுதுமாறு வேண்டுகின்றோம்: அவர்கள் இன்று காக்க முனையும் அப்பழைய கோடு எவ்வாண்டு, எவரால், எவர் தெருவை வெளியே விட்டு வரையப்பட்டது?